அப்டேட் முடிந்தது, லேப்டாப் எழவில்லை: திருப்பூர்த் தொழிலுக்காக ஒரு பரிசீலனை

2024-25 நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40 ஆயிரம் கோடி ரூபாய். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று துணி கை மாறிப் போகிற வழியெல்லாம் அதன் கணக்கும் கூடவே போகிறது. பையர் அனுப்பும் டெக்பேக் மெர்ச்சண்டைசரின் லேப்டாப்பில் திறக்கிறது. பேட்டர்ன் மாஸ்டரின் கேட் மென்பொருள், டையிங் லேபின் கலர் மேட்சிங், எம்பிராய்டரி யூனிட்டின் டிசைன் பஞ்சிங், ஜாப் ஒர்க் சலான், பேக்கிங் லிஸ்ட், கார்ட்டன் ஸ்டிக்கர், கடைசியில் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் ஏறும் ஷிப்பிங் பில் என எல்லாம் ஏதோ ஒரு கம்ப்யூட்டரை நம்பி நிற்கின்றன. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் இதைப் பார்த்துக்கொள்ள ஐடி ஆட்கள் இருக்கிறார்கள். ராயபுரத்திலோ அனுப்பர்பாளையத்திலோ பத்துப் பதினைந்து மெஷின் போட்டு பவர்டேபிள் ஓட்டுபவருக்கு அப்படி யாரும் இல்லை. லேப்டாப் நின்றால் அவருக்குத் தெரிந்தது தெருமுனையில் இருக்கும் சர்வீஸ் கடை ஒன்றுதான்.

லேப்டாப் நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஃபர்ம்வேர் அப்டேட், அதாவது பேச்சுவழக்கில் பயாஸ் அப்டேட். நேற்று மாலை வரை நன்றாக ஓடியது, ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தோம், காலையில் திரை கறுப்பாக இருக்கிறது என்ற புகார் உலகம் முழுவதும் உண்டு. இது ஏன் நடக்கிறது, எதை எப்படிச் சரிசெய்வது, யார் பொறுப்பு, அப்டேட் செய்யாமலே இருந்துவிடலாமா என்ற நான்கு கேள்விகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்டேட்டுக்குப் பிறகு செத்ததாகக் கருதப்படும் லேப்டாப்களில் உண்மையில் சிப் கெட்டுப்போனவை குறைவு. பெரும்பாலான இழப்பு அப்டேட்டால் வருவதில்லை. அதற்குப் பிறகு அவசரத்தில் செய்யப்படும் முதல் வேலையால்தான் வருகிறது.

லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸ் எழுவதற்கு முன்பே ஓடத் தொடங்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். மதர்போர்டில் எட்டுக் கால்கள் கொண்ட ஒரு சிறு ஃப்ளாஷ் சிப்பில் அது இருக்கிறது. அண்மைக்கால லேப்டாப்களில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி. பழைய பயாஸ் போய் யூஇஎஃப்ஐ வந்துவிட்டாலும் எல்லோர் வாயிலும் பெயர் பயாஸ்தான். இதைத் தவிர, விசைப்பலகை, ஃபேன், சார்ஜிங் ஆகியவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலருக்குத் தனி ஃபர்ம்வேர் உண்டு. யூஎஸ்பி-சி போர்ட், பூட்டுச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம், எஸ்எஸ்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உண்டு. ஒரே அப்டேட் இவற்றில் இரண்டு மூன்றை ஒருசேர மாற்றிவிடலாம். அதனால்தான் பயாஸ் போட்டேன், ஏன் சார்ஜ் ஏறவில்லை என்று கேட்பவர் தொடர்பில்லாத ஒன்றைக் கேட்கவில்லை.

முன்பு பயாஸ் மாற்றுவதென்றால் அது தெரிந்தவர் பென்டிரைவோடு உட்கார்ந்து செய்கிற வேலை. 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகு, தயாரிப்பாளர்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஃபர்ம்வேரை அனுப்ப வழி பிறந்தது. லினக்ஸிலும் 2015 முதல் அதற்கு இணையான ஏற்பாடு இருக்கிறது. கோப்பு பின்னணியில் இறங்கிக் காத்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்ததும் விண்டோஸ் மூடி, திரை அணைந்து, ஃபேன் முழு வேகத்தில் சுழன்று, சிப்பில் எழுதும் வேலை நடக்கும். லேப்டாப் தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். இது இப்படித்தான் நடக்கும் என்று தெரியாதவர் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறார். எழுதிக்கொண்டிருந்த சிப் பாதியில் நிற்கிறது. ஃபர்ம்வேர் உண்மையிலேயே சாவது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான்.

பழியை எப்போதும் பயனாளர் மேல் போடவும் முடியாது. கடந்த காலம் அதைக் காட்டுகிறது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் பயாஸ் சிப்பையே அழித்தது. மென்பொருளால் வன்பொருளை முடக்க முடியும் என்று பொதுமக்கள் அறிந்த நாள் அது. 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 பதிப்பில் இருந்த இன்டெல் டிரைவர் ஒன்று லெனோவோ, ஏசர், டோஷிபா லேப்டாப்கள் பலவற்றின் பயாஸைக் கெடுத்ததால், அந்தப் பதிப்பைத் தரவிறக்கப் பக்கத்திலிருந்தே எடுக்க நேர்ந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாட்டை அடைக்க இன்டெல் அவசரமாக வெளியிட்ட மைக்ரோகோடு, சில தலைமுறை கம்ப்யூட்டர்களை அடிக்கடி ரீபூட் ஆக வைத்தது. அதே மாதம் 22ஆம் தேதி அதைப் போடவேண்டாம் என்று இன்டெல்லே அறிவித்தது. 2021 டிசம்பரில் டெல் லேட்டிட்யூட் 5320, 5520 மாடல்களில் புதிய பயாஸ் போட்ட பலருக்கு லேப்டாப் பூட் ஆகவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பியவர்கள் மீண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் மேக்ஓஎஸ் மான்டரே போட்ட பழைய மேக்குகள் சில ஆன் ஆகவே இல்லை. ஆப்பிள் அதைத் தன் டி2 சிப்பின் ஃபர்ம்வேர் கோளாறு என்று ஒப்புக்கொண்டு திருத்தியது. 2024 மே மாதம் எச்பி புரோபுக் 455 ஜி7 வைத்திருந்தவர்கள், கேட்காமலே வந்திறங்கிய பயாஸ் தங்கள் லேப்டாப்பை முடக்கிவிட்டதாகப் பல நாடுகளிலிருந்து முறையிட்டார்கள்.

எந்தக் கம்பெனியும் இதற்கு விலக்கில்லை என்பது இந்தப் பட்டியலிலிருந்து தெரிகிறது. ஆகவே எந்த பிராண்ட் வாங்கினால் இந்தத் தொல்லை இருக்காது என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது என்றால் முதல் மருந்து பொறுமை. புதிய ஃபர்ம்வேர் வந்ததும் லேப்டாப் தன் ரேமை மறுபடி அளந்து பழகிக்கொள்கிறது. சில மாடல்களில் இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். சார்ஜரைச் செருகியபடி அரை மணி நேரம் விட்டுவிடலாம். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்து, மீதமிருக்கும் மின்சாரத்தை வடியவிட வேண்டும். எம்பெடட் கன்ட்ரோலர் புதிதாகத் தொடங்க இது போதும். பல திங்க்பேடுகளில் அடிப்பக்கம் இதற்கென்றே ஓர் ஊசித்துளை இருக்கிறது. வைஃபை காணாமல் போவது, டச்பேட் வேலை செய்யாதது, சார்ஜ் ஏறாதது போன்ற பல கோளாறுகளும் இந்த ஒரே வேலையில் சரியாகிவிடும். இதைச் செய்யாமலே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம்.

விளக்கு மினுக்குவதையும் எண்ண வேண்டும். பல லேட்டிட்யூட் மாடல்களில் ஆரஞ்சு இரண்டு, வெள்ளை இரண்டு என்று மினுக்கினால் பயாஸ் கெட்டிருக்கிறது என்று பொருள். ஆரஞ்சு இரண்டு, வெள்ளை மூன்று என்றால் ரேம் தெரியவில்லை. முதலாவதற்கும் தயாரிப்பாளரே வழி வைத்திருக்கிறார். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருகினால் மீட்புத் திரை வரும். எச்பியில் விண்டோஸ் விசையோடு ‘பி’ அல்லது ‘வி’யை அழுத்திப் பிடித்து ஆன் செய்ய வேண்டும்; வேறொரு கம்ப்யூட்டரில் தயாரித்த பென்டிரைவும் தேவைப்படலாம். டி2 சிப் கொண்ட மேக்கை இன்னொரு மேக்கோடு கேபிளில் இணைத்து எழுப்பலாம்.

இரண்டாவது அறிகுறி நீலத் திரை. 48 இலக்க ரெகவரி கீ கேட்கிறது. திருப்பூருக்கு இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது என்று நினைக்கிறேன், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிட்லாக்கர் என்பது எஸ்எஸ்டியில் இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் ஏற்பாடு. சாவி டிபிஎம் சிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், ஃபர்ம்வேர் நேற்று இருந்தபடியே இருக்கிறதா என்று சோதித்த பிறகே டிபிஎம் சாவியைத் தரும். ஃபர்ம்வேர் மாறியிருந்தால் யாரோ திருடன் கை வைத்துவிட்டான் என்று எண்ணி மறுத்துவிடும். முறையான அப்டேட் இந்தப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும்; சில நேரம் அது தவறிவிடுகிறது. 2024 ஜூலையிலும் 2025 மேயிலும் மைக்ரோசாஃப்டின் மாதாந்திர அப்டேட்டுகளே பல லேப்டாப்களை இந்தத் திரைக்குத் தள்ளின. நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. இத்தனைக்கும் நான் பூட்டே போடவில்லையே என்று உரிமையாளர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், ஹோம் பதிப்பில்கூடப் பூட்டு தானாகவே விழுந்துவிடுகிறது. சாவி அந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கும்.

கேள்வி, அது யாருடைய கணக்கு என்பதுதான். சிறு கம்பெனியில் புது லேப்டாப் வந்த அன்று அதைத் திறந்து செட் செய்தவர் அப்போதிருந்த மெர்ச்சண்டைசராக இருப்பார். அவருடைய சொந்த மெயில் ஐடியைப் போட்டிருப்பார். பிறகு அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்; வேலை மாறுவது இந்த ஊரில் சாதாரணம். அல்லது விற்ற கடைக்காரரின் ஐடியில் இருக்கும், இல்லாவிட்டால் அவசரத்துக்கு உருவாக்கி, பாஸ்வேர்டை யாரும் எழுதி வைக்காத ஓர் ஐடியில் இருக்கும். ஷிப்மெண்ட் நாளன்று நீலத் திரை வரும்போது சாவி யாரிடம் இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார்கள். திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, அந்த லேப்டாப்பில் இதுவரை பயன்பட்ட ஒவ்வொரு மெயில் ஐடியின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலும் நுழைந்து பார்ப்பது ஒன்றே வழி. பழைய ஊழியரைக் கூப்பிட்டுக் கேட்கத் தயங்கக் கூடாது. சாவி கிடைக்காவிட்டால் எந்தக் கடைக்காரராலும், மைக்ரோசாஃப்டாலும்கூட அந்தத் தகவலைத் திறக்க முடியாது.

இது தெரியாமல் செய்யப்படும் வேலையால் வருவதுதான் நான் முதலில் சொன்ன பெரிய இழப்பு. “விண்டோஸ் போட்டா சரியாயிடும் அண்ணா” என்று கடையில் சொல்கிறார்கள். சரியாகத்தான் போகும், லேப்டாப் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும். பேட்டர்ன், கிரேடிங், காஸ்டிங் ஷீட், நான்கு சீசனின் பையர் மெயில், டேலி டேட்டா எல்லாம் போயிருக்கும். பூட்டப்படாத டிஸ்க்காக இருந்தால் அழித்த பிறகும் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு. பூட்டிய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை. ஃபர்ம்வேர் எதையும் அழிக்கவில்லை, டிஸ்க் முழுசாக இருந்தது, நாமே அழித்தோம் என்பது பின்னால்தான் தெரியவரும். சர்வீஸ் கடைக்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வேலையை உடனே முடித்துக் கொடுக்கும்படி நாம் நெருக்குகிறோம், அவர்கள் தெரிந்த குறுக்குவழியை எடுக்கிறார்கள். ஃபார்மட் என்ற வார்த்தை வந்தால், டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்க்கில் சோதித்துக் காட்டுங்கள் என்று கேட்பது உரிமையாளரின் கடமை.

மூன்றாவது, பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தி, அல்லது விண்டோஸ் தொடங்கும்போதே நீலத் திரையில் நின்று திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது. இதற்குப் பொதுவான காரணம், அப்டேட் பயாஸ் செட்டிங்குகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுவது. ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஏஎச்சிஐ முறையில் இருந்து ரெய்டு அல்லது விஎம்டி முறைக்கு மாறியிருக்கும். எஸ்எஸ்டி நன்றாகவே இருக்கும், விண்டோஸுக்குத்தான் அது தெரியாது. டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 அழுத்தி உள்ளே போய் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் போதும். எம்பிராய்டரி மெஷினுக்காகவோ பழைய கேட் மென்பொருளுக்காகவோ இன்னும் விண்டோஸ் 7 ஓட்டுகிறவர்கள், லெகசி பூட் என்ற செட்டிங் அணைந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட லேப்டாப்பின் செட்டிங் பக்கங்களை அலைபேசியில் படம்பிடித்து வைத்துக்கொள்வது, அப்டேட்டுக்கு முன் செய்யக்கூடிய செலவில்லாத காப்பீடு.

தேதி பின்னால் போய்விடுவது சிறிய விஷயம்போலத் தெரியும். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்த பழைய லேப்டாப்பில், அப்டேட்டுக்குப் பிறகோ மின்சாரத்தை வடியவிட்ட பிறகோ கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போகும். அதன் விளைவாக ஜிஎஸ்டி தளம் பாதுகாப்பற்றது என்று உலாவி எச்சரிக்கும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செல்லாது என்று வரும். டோக்கன் கெட்டுவிட்டது என்று புதிதாக விண்ணப்பிப்பதற்கு முன் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

ஓடுகிறது, ஆனால் முன்போல் இல்லை என்ற புகார்தான் கண்டறியக் கடினமானது. சூடு, ஃபேன் சத்தம், வேகக் குறைவு. ஃபர்ம்வேரில் ஃபேன் வேக அட்டவணையும் சிபியூ மின்னழுத்தக் கட்டுப்பாடும் இருப்பதால் அப்டேட் இவற்றை மாற்றக்கூடியதே. 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்குப் பிறகு வந்த பயாஸ்கள் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூடு தணிக்கும் வசதியையே பூட்டிவிட்டன. டெல்லில் சார்ஜர் அசலானது என்று ஃபர்ம்வேர் அடையாளம் காணாவிட்டால், சிபியூ வேகத்தைக் குறைத்து பேட்டரி சார்ஜையும் நிறுத்திவிடும். ஆனால் பனியன் கம்பெனிகளில் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: பஞ்சு. கட்டிங் டேபிள் பக்கத்திலும் ஓவர்லாக் வரிசைக்குப் பின்னாலும் வைத்த லேப்டாப்பின் ஃபேன் துளையில் பஞ்சுத் தூசி ஏறி, ஹீட்சிங்க் முன்னால் கம்பளம்போலப் படிந்துவிடும். அப்டேட் நடக்கும்போது ஃபேன் முழு வேகத்தில் ஓடியதால் அந்தச் சத்தம் முதல் தடவையாகக் காதில் விழுந்திருக்கும். கோளாறு பல மாதம் பழையது. அப்டேட்டுக்கு மறுநாள் வந்த எல்லாம் அப்டேட்டால் வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடிமூடியைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகும் சூடு குறையவில்லை என்றால் ஃபர்ம்வேரைச் சந்தேகிக்கலாம்.

மேலே சொன்ன எதற்கும் மசியாத லேப்டாப்புக்குக் கடைசி வழி, சிப்பை நேரடியாக எழுதுவது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிஎச்341ஏ புரோகிராமரையும் சிப்பைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பையும் வைத்து இது செய்யப்படுகிறது. மதர்போர்டு மாற்றும் செலவோடு பார்த்தால் இது மிகச் சொற்பம். இந்த வேலை தெரிந்தவர்களை நான் மதிக்கிறேன். தூக்கி எறியப்பட வேண்டிய எத்தனையோ போர்டுகளுக்கு அவர்கள் உயிர் கொடுக்கிறார்கள். இருந்தாலும் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். முதலில், பழைய சிப்பில் இருப்பதை அப்படியே படித்துப் பத்திரப்படுத்தினார்களா? லேப்டாப்பின் சீரியல் எண், நெட்வொர்க் முகவரி, விண்டோஸ் உரிமச் சாவி போன்றவை பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. வேறு லேப்டாப்பின் கோப்பை அப்படியே ஏற்றினால் லேப்டாப் எழும். அடையாளம் மாறிப் போயிருக்கும். இரண்டாவது, சிப் 1.8 வோல்ட்டா 3.3 வோல்ட்டா என்று பார்த்தார்களா? அந்த மலிவான புரோகிராமர்களில் பரவலாகக் கிடைக்கும் கறுப்பு நிறப் போர்டு, சிப்பின் தகவல் கால்களில் 5 வோல்ட்டைச் செலுத்தும் குறை உடையது. அதன் பிறகு மாற்ற வேண்டியது சிப் மட்டுமாக இருக்காது.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமே என்றால், எல்லா லேப்டாப்பும் அனுமதிப்பதில்லை. பாதுகாப்பு ஓட்டையுள்ள பழைய ஃபர்ம்வேரைத் தாக்குபவர் மறுபடி ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகத் திங்க்பேட் போன்றவற்றில் திரும்பும் வழி தடுக்கப்பட்டிருக்கிறது. சிலவற்றில் செட்டிங்கில் திறக்கலாம், சிலவற்றில் முடியாது. காரணம் நியாயமானதே. ஆனால் பின்னால் போகும் வழியை அடைக்கிற தயாரிப்பாளர், முன்னால் அனுப்புவதை அந்த அளவுக்குச் சோதித்திருக்க வேண்டும். உரிமையாளரைக் கேட்காமல், ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்தாமல், பயாஸை ரீஸ்டார்ட்டோடு சேர்த்து எழுதுவது தவறான நடைமுறை. இது எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொருந்தும்.

பொறுப்பு என்று வந்தால், தயாரிப்பாளரே அனுப்பிய அப்டேட்டால் வாரண்டிக் காலத்தில் முடங்கிய லேப்டாப்பை இலவசமாகச் சரிசெய்து தரக் கேட்க உரிமை உண்டு. சர்வீஸ் சென்டர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. அதே சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு அளிக்கிறது. பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர், கம்பெனி பெயரில் பில் இருக்கிறதே என்று பின்வாங்க வேண்டியதில்லை. இந்த விலக்கின் கீழ் தன் தரப்பை முன்வைக்க அவருக்கு இடமிருக்கிறது. அதற்கு பில், அப்டேட் நடந்த தேதி, திரையின் படம் மூன்றும் வேண்டும்.

அப்படியானால் ஓடுவதை ஏன் தொட வேண்டும், அப்டேட்டையே நிறுத்திவிடலாமே என்ற வாதம் இங்கே வலுவாக இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா 50 சதவீத வரி விதித்த பிறகு செலவை இழுத்துப் பிடித்த கம்பெனிகளில் புது லேப்டாப் என்ற பேச்சே எழவில்லை. இருப்பதை ஓட்டினால் போதும் என்ற மனநிலை புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் அப்டேட் செய்யாததாலும் லேப்டாப் சாகும். 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மாடல்களில், தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் இருந்த கோளாறு நாளடைவில் யூஎஸ்பி-சி போர்ட்டையே செயலிழக்க வைத்தது. லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டு, அவசியம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. சென்னை ரிச்சி தெருவிலும் கோவை காந்திபுரத்திலும் செகண்ட் ஹேண்டில் கிடைப்பவற்றில் அந்தத் தலைமுறைத் திங்க்பேடுகள் நிறைய. வாங்குபவர்களில் எத்தனை பேர் அந்த ஃபர்ம்வேர் போடப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறார்கள்?

அப்டேட் செய்யப் பாதுகாப்புக் காரணமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் ஈசெட் நிறுவனம் விவரித்த பிளாக்லோட்டஸ், விண்டோஸ் எழுவதற்கு முன்பே உள்ளே நுழையும் தீநிரல். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த லோகோஃபெயில் குறைபாடு, ஆன் செய்ததும் தெரியும் கம்பெனி லோகோ படத்தின் வழியாகவே ஃபர்ம்வேரைத் தாக்க முடியும் என்று காட்டியது. இவற்றை ஆன்டிவைரஸ் மட்டும் வைத்துத் தடுக்க முடியாது. ஆன் செய்யும்போது நம்பகமான நிரலை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் நம்பியிருக்கும் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை காலாவதி ஆகின்றன என்பது இன்னும் நெருக்கமான காரணம். காலாவதி ஆனதும் லேப்டாப் நின்றுவிடாது. பூட் பகுதிக்கான எதிர்காலப் பாதுகாப்புத் திருத்தங்கள்தான் அதற்குக் கிடைக்காமல் போகும். புதிய சான்றிதழை ஏற்கப் பல லேப்டாப்களுக்குப் புதிய பயாஸ் தேவைப்படுகிறது. ஆகவே இந்தக் காலகட்டத்தில் ஃபர்ம்வேர் அப்டேட்டுகள் கூடுதலாகவே வரும். தவிர்ப்பது தீர்வாகாது. நாம் சொல்லும் நாளில் அதை நடக்க வைப்பதுதான் செய்யக்கூடியது.

அதற்கு வழி பயாஸிலேயே இருக்கிறது. டெல்லில் யூஇஎஃப்ஐ கேப்ஸ்யூல் ஃபர்ம்வேர் அப்டேட் என்ற பெயரிலும், எச்பி, லெனோவோவின் வணிக மாடல்களில் வேறு பெயர்களிலும் ஒரு செட்டிங் உண்டு. அதை அணைத்துவிட்டால் விண்டோஸ் வழியாகப் பயாஸ் தானாக வந்து ஏறாது. பிறகு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நாமே இறக்கி, நாமே போடலாம். வெளியான அன்றே போட வேண்டிய அவசியமில்லை. இரண்டு மூன்று வாரம் விட்டால், கோளாறு இருந்தால் உலகத்துக்குத் தெரிந்துவிடும். ஒரே மாடலில் ஐந்து லேப்டாப் இருந்தால் முதலில் ஒன்றில் மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். போடுவதற்கு முன் டேட்டா பேக்கப், பிட்லாக்கரில் சஸ்பெண்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் உங்கள் ஃபீடருக்கு என்றைக்கு என்று பார்த்துவிட்டு வேறு நாள் குறியுங்கள். நாற்பது சதவீதம் காட்டித் திடீரென்று அணையும் பழைய பேட்டரியை நம்பாமல் சார்ஜரை யூபிஎஸ்ஸில் செருகுங்கள். தீபாவளிக்குப் பிறகு ஆட்கள் ஊருக்குப் போய் மெஷின்கள் நிற்கும் நாட்கள் இதற்கு ஏற்றவை. கன்டெய்னர் ஏறும் வாரம் ஒருபோதும் கூடாது.

சங்கங்கள் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. 1990 முதல் இயங்கும் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமோ, ஜாப் ஒர்க் யூனிட்டுகளின் அமைப்புகளோ ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறை நாட்களில் ஒரு முகாம் போட்டு, சிறு யூனிட்டுகளின் லேப்டாப்களுக்கு பேக்கப், ரெகவரி கீ, பயாஸ் மூன்றையும் ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்கலாம். ஐடி ஆள் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. இதைப் படிக்கிற பொறுப்பாளர்கள் அடுத்த கூட்டத்தில் எடுத்துப் பேச வேண்டுகிறேன்.

அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் கம்பெனியில் உள்ள ஒவ்வொரு லேப்டாப்பும் யாருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். அதை முதலாளி பெயரில் உள்ள, பாஸ்வேர்டு தெரிந்த ஒரு கணக்குக்கு மாற்றுங்கள். 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, எந்த லேப்டாப்புக்கு உரியது என்று மேலே எழுதி, ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கும் ஃபைலில் சேர்த்து வையுங்கள்.